துரத்தியது சரிதானா?

நூலகத்தின் மாடி அறையில் ஞாயிறு காலைகளில் கூடும் வாசகர் வட்டம் அந்த வருஷம் ஒரு பழைய ஆங்கிலக் காவியத்தை எடுத்துக்கொண்டது. முதல் ஆணும் முதல் பெண்ணும் தின்னக் கூடாத கனியைத் தின்று, தோட்டத்திலிருந்து வெளியேற்றப்படும் கதை. நூலகர் அம்மா எங்கிருந்தோ ஒரு தமிழ் மொழிபெயர்ப்பைத் தேடிப்பிடித்து எல்லோருக்கும் நகலெடுத்துக் கொடுத்திருந்தார். எல்லோரும் என்றால் பெரிய கூட்டமில்லை. ஒரு பல் டாக்டர், ஒரு பஸ் டிரைவர், பிறகு ஆபீசரும் அவர் மனைவியும்.

ஆபீசர் தீயணைப்பு நிலையத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த அறைக்குள் போனாலும் வெளியேறும் வழி எது என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். மனைவி ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் தைத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். எல்லோருக்கும் டீயை ஊற்றிக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வார்.

கடைசிப் பகுதியை முடித்த அன்று நூலகர் ஒவ்வொருவரிடமும் அபிப்பிராயம் கேட்டார்.

"எனக்கு மூச்சு வாங்கிடுச்சு" என்றார் டிரைவர். "ஒரு வாக்கியத்துல ஏறினா இறங்கறதுக்கு ஸ்டாப்பே வர மாட்டேங்குது. ஆனா அந்த நரகம் வர்ற இடம் இருக்கே, அதை மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சேன்."

பல் டாக்டருக்குக் கடவுளை எதிர்த்து நின்று நரகத்தில் தள்ளப்பட்ட தேவதூதனைத்தான் பிடித்திருந்தது. "தோத்துட்டான். ஆனா கெஞ்சல பாருங்க. மத்தவங்க எல்லாம் தலையாட்டிங்க."

"எனக்கு அந்தப் பொண்ண நினைச்சாதான் பாவமா இருந்துச்சு" என்றார் நூலகர். "தேவதூதர்கள் முக்கியமான பேச்செல்லாம் புருஷன்கிட்டயே பேசறாங்க. அவகிட்ட நேரா உக்காந்து யாரும் சொல்லல."

ஆபீசர் தாள்களை அடுக்கி மேஜைமேல் தட்டினார். "எனக்கு இதுல குழப்பமே இல்ல. இருந்தது ஒரே ஒரு விதி. கடவுள் வேற ஏதாவது கேட்டாரா? மீறினாங்க, வெளிய போனாங்க. பாவம் பாத்துட்டே இருந்தா எந்த வீடும் நிக்காது."

டிரைவர் தன் தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார். ஆபீசருக்கு ஒரே மகன் என்பதும், குடியால் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டவன் என்பதும் வட்டத்துக்கு அரசல்புரசலாகத் தெரியும்.

"நான் ஒண்ணு சொல்லலாமா?" என்று ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது.

நூலகர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "சொல்லுங்கம்மா."

"கடைசில அவங்கள வெளிய அனுப்பறப்போ, ஒரு தூதன் வந்து ரெண்டு பேர் கையையும் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறான். அதுக்கு முன்னாடி, வெளிய என்னென்ன நடக்கும்னு பொறுமையா சொல்றான். அவ்வளவு கோபத்துலயும் கடவுள் அப்படித்தான் அனுப்பினாரு." அவர் கணவரைப் பார்க்காமலே பேசினார். "நம்ம வீட்ல, அவன் வேலைக்குப் போயிருந்த நேரத்துல பூட்டை மாத்தினோம். அவன் துணியெல்லாம் வாசல்ல மழையில நனைஞ்சுட்டுக் கிடந்துச்சு."

"வீட்டு விஷயத்தை இங்க எதுக்கு எடுக்கற?" என்றார் ஆபீசர் தணிந்த குரலில்.

"புத்தகத்தைப் பத்தி என்ன தோணுதுன்னு கேட்டாங்க. எனக்கு இதுதாங்க தோணுது."

கூட்டம் அதோடு கலைந்தது. இருவரும் காரில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். சிக்னலில் நின்றபோது ஆபீசர் கேட்டார். "அவன் எங்க இருக்கான்?" பூட்டு மாற்றிய நாளிலிருந்து அவர் கேட்காத கேள்வி அது.

"பெரிய ஆஸ்பத்திரில. கல்லீரல் வார்டு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாமே தெரியும். எங்க தங்கினான், எந்த வேலை போச்சு, எல்லாம். கடைக்குப் போற வழியில சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்துட்டுதான் இருந்தேன். நீங்க கேக்கல. நானும் சொல்லல."

வாழ்நாளில் இண்டிகேட்டர் போடாமல் வண்டி திருப்பாத மனிதர், அன்று போடாமலே திருப்பினார். பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்திப் பிடித்தான்.

மகன் ஜன்னலை ஒட்டிய கட்டிலில் கிடந்தான். கைகால் குச்சியாகி, வயிறு மட்டும் ஊதியிருந்தது. கண்வெள்ளை மஞ்சளித்துப் போயிருந்தது. "கல்லீரல் நஞ்சு மூளைக்கு ஏறிடுச்சு சார், ஆள் அடையாளம் தெரியாது. திடீர்னு பேசுவாரு" என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனாள். அம்மா போர்வையைச் சரிசெய்தார். அவன் கண் திறந்து ஆபீசரையே பார்த்தான்.

"செக்யூரிட்டி சார்தானே?"

ஆபீசர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"சாவி சேர மாட்டேங்குது சார். உள்ள அம்மா இருக்காங்க. கொஞ்சம் சொல்லுங்களேன்."

புகைக்குள் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரிடம் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து விடாமல் பேச்சுக் கொடுத்தவர் அவர். பேச்சு நின்றால் உள்ளே இருப்பவன் நம்பிக்கை விட்டுவிடுவான் என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். இப்போது கம்பியை விட்டுவிட்டு மகன் முகத்தருகே குனிந்தார்.

"திறந்துதான் இருக்குப்பா" என்றார் கடைசியில். "வா."

"பொய் சொல்லாதீங்க சார்" என்றான் மகன், மரியாதையாகவே. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த வாரமே போய்விட்டான். இடையில் தெளிவு வந்தபோதெல்லாம் ஆபீசர் மருந்து வாங்கவோ டாக்டரைப் பார்க்கவோ போயிருந்தார். அவன் அப்பாவைக் கேட்டானா என்று மனைவியிடம் கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்ததும் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போனார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. வாரங்கள் போயும் திரும்பவில்லை. ஆபீசரே கிளம்பிப் போனார். தங்கை டீ கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"எப்போ வர்ற?"

"அந்த வீட்ல எனக்குத் தூக்கம் வராதுங்க."

அவர் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "நான் கோபத்துல பண்ணல. ஒரு ஒழுங்கு வேணும்னுதான் பண்ணேன்."

"தெரியும்" என்றார் மனைவி. "கோபத்துல பண்ணியிருந்தா மறுநாளே திறந்து விட்டிருப்பீங்க."

ஆபீசர் ஆறிய டீயைக் குடித்து முடித்தார். சாப்பிட்டுவிட்டுப் போகும்படி தங்கை உள்ளிருந்து கூப்பிட்டாள். வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று சொல்லி எழுந்தார். மனைவி வாசல்வரை வரவில்லை.