வராதவனுக்கு வெடித்த சரம்

சலோங் விகாரையில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே சிலையாக இருக்கும் சாமியாரிடம் வேண்டியது பலித்தால்தான் பட்டாசுச் சரம். அதற்கு முன்னே யாரும் திரியைத் தொடமாட்டார்கள். செங்கல் கூண்டுக்குள் சரம் வெடித்தால், தெருவில் போகிறவர்கள்கூட யாருக்கோ நல்லது நடந்திருக்கிறது என்று கை கூப்பிவிட்டுப் போவார்கள்.

இதை ரவிவன் தினமும் ஒரு பஸ் கூட்டத்துக்குச் சொல்வாள். முதலில் விகாரை, அந்திக்குச் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க ப்ரோம்தேப் முனை. வழிகாட்டி வேலை. சூரை மீன் கப்பலில் போன அவள் புருஷன் சாகோனிடமிருந்து இரண்டு மழைக்காலமாகச் சேதி இல்லை. அவன் வந்தால் ஒரு சரம் என்று அவளும் வேண்டியிருந்தாள்.

அன்றைக்குக் கோன்கேனிலிருந்து வந்த ஓர் அம்மாள், மகனுக்குப் பார்வை திரும்பியதற்காக வெடித்தாள். மீந்த சரத்தை ரவிவன் கையில் திணித்தாள்.

"உனக்கும் ஏதாச்சும் பலிச்சிருக்கும்ல, கண்ணு? கொளுத்து."

வேண்டாம் என்று ஒரு சொல் போதும், பிள்ளைகளே. அந்தச் சொல் அவளுக்கு வரவில்லை.

கூண்டைப் பார்த்துக்கொள்ளும் தியாப், சரத்தைக் கம்பில் கட்டிக்கொண்டே கேட்டான். "என்ன ரவி, சாகோன் வந்துட்டானா?"

சரத்தை முதலிலேயே கொடுத்துவிட்டால் சாமியாரால் மறுக்க முடியாதே என்று அவளுக்கு ஒரு நப்பாசை. ஆமென்று தலை ஆடிவிட்டது.

"திருட்டுப் பய. எங்கிட்ட மூச்சு விடலையே. ஒரு பாட்டிலோட வந்து பாக்கச் சொல்லு."

சரம் படபடத்தது. புகை அடங்கும் முன்னே தியாப் போனை எடுத்துவிட்டான்.

முனையில் கணவாய் மீன் சுட்டு விற்பவள் புப்பா, சாகோனின் தாய். பஸ் வந்து நின்றபோது அவள் கதவடியில் நின்றிருந்தாள். அடுப்பில் கணவாய் கருகிக்கொண்டிருந்தது. இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்து விலகி வழிவிட்டாள்.

"அவன் எப்பவும் கடைசியிலதான் இறங்குவான்" என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சிரித்தாள்.

கடைசியில் இறங்கியவர் டிரைவர்.

"உள்ள தூங்குறானா?"

"வரலை, அத்தை" என்றாள் ரவிவன். "கையில சரம் கிடைச்சுது. நான்தான் புத்தி கெட்டுப்போய்க் கொளுத்திட்டேன்."

புப்பா திட்டவில்லை. கேட்ட பிறகும் பஸ்ஸில் ஏறினாள். இருக்கை இருக்கையாகக் கடைசி வரை பார்த்துக்கொண்டு போய், அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, சூரியன் இறங்குது. எங்க நிக்கணும்?" என்று கூட்டத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பின்னாலேயே ஏறிய ரவிவன் ஜன்னல் வழியே கையை மட்டும் காட்டிவிட்டு மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

புப்பா கேட்டாள். "சத்தம் பெருசா இருந்துச்சா?"

"காது அடைச்சுப்போச்சு, அத்தை."

"கடல்ல எவ்வளவு தூரத்துக்குக் கேக்கும்?"

ரவிவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே எல்லோரும் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.