மூன்று மீட்டர் பின்னால்

மாமியாருக்குக் கொடுத்த வாக்குப்படி அவள் எதிர்ப்பக்க மருந்துக்கடை வாசலிலேயே நின்றாள்.

"நீ கூட வந்தா நான் போகவே மாட்டேன். ஓட்டவே ஆளில்லாத வண்டி, அதுக்குத் துணைக்கு ஒரு ஆளா?" என்று காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டார் மாமியார். இடுப்பு அறுவைக்குப் பிறகு முதல் முறையாகத் தனியாக மருத்துவமனைக்குப் போகிறார். வாக்கரைப் பிடித்தபடி, நடைபாதை ஓரத்தில், வண்டி நிறுத்தத்தைக் காட்டும் வெள்ளைக் கட்டத்துக்கு நேராக நின்றிருந்தார்.

அந்த நிறுத்தத்தை வரைந்தது மருமகள்தான். எந்த வண்டி எங்கே நிற்கலாம் என்று சாலையோரங்களை அளந்து பிரிப்பது அவள் வேலை. அதன்படி சாலையில் கோடு அடிப்பது கணவன் வேலை.

அப்போதுதான் அவள் கவனித்தாள். விளக்குக் கம்பத்துக்கு நேராக இருக்கவேண்டிய கட்டம் மூன்று மீட்டர் பின்னால் இருந்தது.

கணவனுக்குப் போன் போட்டாள். "கட்டத்தை நகர்த்தினீங்களா?"

"கண்டுபிடிச்சிட்டியா? நீ வரைஞ்ச எடத்துல கம்பி போட்ட சாக்கடை மூடி இருக்கு. அம்மா வாக்கர் உள்ள எறங்கிடும். அதான் தள்ளி அடிச்சேன்." பாராட்டுக்குக் காத்திருக்கும் குரல்.

"ஐயோ, வண்டி உங்க பெயிண்ட்டைப் பாக்காதுங்க! நான் ஏத்தின வரைபடத்தைத்தான் பாக்கும். அந்த மூடிகிட்டதான் கதவு திறக்கும்!"

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள்.

வண்டி முனை திரும்பிவிட்டது. கதவு ஒரு நிமிடம்தான் திறந்திருக்கும். மாமியாரோ அவசரக்காரர். "அத்தை!" என்று கத்தினாள். இரைச்சலில் கேட்கவில்லை.

சாலையில் இறங்கி ஓடினாள். ஆளைக் கண்டால் வண்டி இரண்டு மீட்டர் முன்பே நிற்கும். வரைபடத்தில் உள்ள நிறுத்தத்துக்கு நாலு மீட்டருக்குள் நின்றால் கதவு திறக்கும். இரண்டுமே அவள் அலுவலகக் கூட்டத்தில் சண்டை போட்டு வாங்கிய விதிகள். காகிதத்தில் எவ்வளவு தைரியமாக இருந்தன! கட்டத்தைத் தாண்டி இரண்டு மீட்டர் தள்ளி, வண்டியைப் பார்த்தபடி நின்றாள். கெஞ்சிப் பார்க்க வண்டிக்குள் ஒரு முகமும் இல்லை.

வண்டி வந்தது. வந்துகொண்டே இருந்தது.

நின்றது. கட்டத்துக்குள், கச்சிதமாக. மாமியாருக்கு நேராகக் கதவு திறந்தது.

"பைத்தியமா உனக்கு? இப்படிக் குறுக்க வந்து விழுறே! கூட வரமாட்டேன்னு சொன்னியே?"

"கூட எங்க வந்தேன்? முன்னாடிதானே நிக்கிறேன். ஏறுங்க அத்தை."

மாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏறினார். அவள் நடைபாதைக்கு ஒதுங்கிய பிறகே வண்டி நகர்ந்தது.

அலுவலகத்தை அழைத்தாள். "இந்த நிறுத்தத்தை உடனே மூடுங்க. நான் சாக்கடை மூடியைப் பாக்காம வரைஞ்சுட்டேன்." அடுத்த வண்டிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

உடனே கணவன் அழைத்தான். "அம்மா ஏறிட்டாங்களா?"

"ஏறிட்டாங்க."

"நீ?"

அவள் கீழே பார்த்தாள். ஒரு கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு, குதி கம்பிக்குள் இறங்கி, சாக்கடை மூடிமேல் தனியாக நின்றது.

"நல்லாதான் இருக்கேன். கொஞ்சம் வந்து என் செருப்பை எடுத்துக் குடுங்க."