இருபது நிமிஷ ஜப்பான் குழம்பு

புரட்டாசி பிறந்த நாலாம் நாள் செங்கோட்டையன் வீட்டுக்கு ஜப்பான்காரர் வந்து இறங்கினார்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்கூடம் வைத்திருந்தார் செங்கோட்டையன். பழைய தறிகளை எடைக்குப் போட்டுவிட்டு, ஜப்பானில் பதினெட்டு வருஷம் ஓடிய நாலு ஏர்ஜெட் தறிகளை வாங்கி இறக்கியிருந்தார். யாராவது 'செகண்ட் ஹேண்டா' என்று கேட்டால் 'பழகின தறி' என்று திருத்துவார். அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்டுவதற்கு விற்றவர்களே ஓர் இன்ஜினியரை அனுப்பியிருந்தார்கள். பதினைந்து நாள் வேலை. லாட்ஜில் ரூம் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் அவர் பெட்டியோடு திரும்பி வந்து, தறிக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறேன் என்று செல்போனைத் தமிழ் பேசவிட்டுச் சொன்னார். மாடி அறையை ஒழித்துக் கொடுத்தார்கள்.

பெயர் நகானிஷி. ஐம்பத்து மூன்று வயசு. தறிக்கூடத்து மேஸ்திரி அப்புசாமி அந்தப் பெயரை இரண்டு நாள் சொல்லிப் பார்த்துவிட்டு 'நாகனிசாமி' என்று முடித்துக்கொண்டார். பழனிசாமி, ரங்கசாமி, குப்புசாமி எல்லாம் வேலை செய்கிற இடத்தில் அது யார் வாயிலும் இடறவில்லை. கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்த்தார்.

சாப்பாடுதான் இடறியது.

புரட்டாசியில் அந்த வீட்டில் கறி கிடையாது, முட்டையும் கிடையாது. சுற்றிலும் கோழிப்பண்ணை, ஆனால் கோகிலவாணியின் பிரிட்ஜில் முட்டை வைக்கிற குழிகளில் எலுமிச்சம்பழங்கள் உட்கார்ந்திருந்தன. அவள் செங்கோட்டையனின் மனைவி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். கோகிலா வீட்டில் சாப்பிட்டவனை எழுப்பிவிட ஆள் வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்டவள் காலையில் நாலு இட்லி வைத்தால் ஜப்பான்காரர் ஒன்றரை தின்றார். மத்தியானம் ஒரு கரண்டி சோறும் ரசமும். ராத்திரி பாதி தோசை. போதும் என்பதற்கு இரண்டு கையையும் தட்டுக்கு மேல் விரித்துத் தலையைக் குனிந்துகொள்வார். சாமி கொடுக்க வந்த வரத்தை வேண்டாம் என்கிறவர் மாதிரி இருக்கும்.

எட்டாம் நாள் செங்கோட்டையன் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"இந்தா கோகிலா, அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தியா? கன்னம் ஒட்டிப்போச்சு."

"வந்தன்னிக்கே அப்படித்தானுங்க இருந்தாரு."

"அவரு படுத்துக்கிட்டாருன்னா நாலு தறியும் பொணமாட்டக் கெடக்கும். வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு ஒழுங்காச் சோறு போடலைன்னு அவிய கம்பெனிக்குச் சொல்லிப்போட்டா நமக்குத்தான் அசிங்கம். அவிய ஊருச் சாப்பாடு என்னமோ, அதச் செஞ்சு போடு."

"அவிய ஊருச் சாப்பாடு என்னன்னு எனக்கெப்படிங்க தெரியும்?"

"போன்ல பாரு. எல்லாந்தான் இருக்குதே."

ஒரு பிரச்சினையைத் தீர்த்துவைத்த முகத்தோடு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார்.

கோகிலவாணி போனில் பார்க்கவில்லை. மகள் தீபிகாவைக் கூப்பிட்டாள். தீபிகா சேலத்தில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள். பத்தாவது நிமிஷம் ஒரு வீடியோ வந்து விழுந்தது: இருபதே நிமிஷத்தில் சைவ ஜப்பான் குழம்பும் நூடுல்ஸும். ஒரு பெண் சிரித்துக்கொண்டே உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் வெட்டினாள். சாக்லேட் மாதிரி ஒரு கட்டியை உடைத்துப் போட்டாள். குழம்பு ஆகிவிட்டது. முழுசாக மூணு தடவை பார்த்தும் அவள் மிளகாய் போட்ட இடத்தைக் கோகிலவாணியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாயங்காலம் தீபிகா சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பெரிய கடையிலிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, அந்தக் கட்டி கெடைச்சிருச்சு. வாங்கிட்டேன்னு வெய்யி. ஆனா பொட்டிக்குப் பின்னாடி மாட்டுக் கொழுப்புன்னு போட்டிருக்குது."

"கீழ வெச்சுரு சாமி."

"வெச்சுட்டேன்."

"கையக் கழுவு."

"பொட்டியத்தானம்மா தொட்டேன்."

"கழுவு."

ஆக, கட்டி இல்லை. தீபிகா ஹாஸ்டல் போய் இன்னொரு வீடியோ தேடி அனுப்பினாள். வெண்ணெயில் மைதாவைச் சிவக்க வறுத்து, அதில் கறிப் பொடியைக் கலந்தால் அதுதான் அந்தக் கட்டியாம். வீட்டில் சாம்பார்ப் பொடி இருந்தது, ரசப்பொடி இருந்தது, குழம்புப் பொடி இருந்தது, இட்லிப் பொடி இரண்டு விதம் இருந்தது. கறிப் பொடி என்று ஒன்று இல்லை. வீடியோவில் அந்தப் பொடி மஞ்சளாக இருந்ததைப் பார்த்து, மல்லி, சீரகம், கொஞ்சம் வெந்தயம், மிளகு நாலு, பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் வறுத்து, மஞ்சளைத் தூக்கலாகப் போட்டு அரைத்துக்கொண்டாள். மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்துப் பரண் மேல் வைத்தாள். எதிரில் இருந்தால் கை தன்னால் அங்கே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குத் தொடங்கினாள்.

முதல் தடவை வெண்ணெய் காய்ந்த வேகத்தில் மைதா கருகியது. சட்டியைக் கழுவிவிட்டு மறுபடி வைத்தாள். இரண்டாவது தடவை அடுப்பைச் சிம்மில் வைத்து, கரண்டியை எடுக்காமல் கால் மணி நேரம் கிண்டினாள். மைதா வெளுப்பு போய், பழுப்பாகி, செம்மண் நிறத்துக்கு வந்தது. பொடியைப் போட்டதும் எழுந்த மணம் அவளுக்குப் பிடித்திருந்தது. குருமாவும் இல்லை, சாம்பாரும் இல்லை. எதுவென்று சொல்ல வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு இன்னொரு தடவை மோந்து பார்த்தாள்.

வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கி, கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவிட்டாள். வீடியோவில் ஓர் ஆப்பிளைத் துருவிப் போடச் சொன்னார்கள். குழம்பில் ஆப்பிளா என்று கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு துருவினாள். கடைசியில் சோயா சாஸ். வறுத்த மாவைக் கரைத்து ஊற்றியதும் குழம்பு கொழகொழவென்று ஒட்டியது.

நூடுல்ஸ்தான் பாடாய்ப் படுத்தியது. ஊரில் கிடைத்தது மசாலாப் பாக்கெட்டோடு வருகிற மெல்லிசு. வீடியோவில் இருந்தது சுண்டுவிரல் தடிமன். அதுவும் மைதாதானே என்று மைதாவையும் கோதுமை மாவையும் உப்புப் போட்டுக் கெட்டியாகப் பிசைந்து ஊறவைத்திருந்தாள். இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிகிற மணையில் போட்டுப் பார்த்தாள். இழை ஊசி நூலாட்டம் வந்தது. முறுக்கு அச்சை எடுத்து, மூணு ஓட்டைச் சில்லைப் போட்டு, கொதிக்கிற தண்ணிக்கு மேல் பிடித்து அழுத்தினாள். மாவு அசையவில்லை. இன்னும் அழுத்தினாள். அச்சின் கைப்பிடி லேசாக வளைந்தது.

பின்வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தாள்.

"அப்புசாமிண்ணா! ஒரு நிமிசம் வந்துட்டுப் போங்க."

அப்புசாமி கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கழுத்தில் துளசி மாலை. புரட்டாசி முழுக்க அவர் விரதம். பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு ஏழு வருஷமாக இருக்கிறாராம். சனிக்கிழமை சுண்டலுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார்.

"சொல்லுங்கம்மணி."

"கையக் கழுவிட்டு இதப் புழியோணும்."

"முறுக்குங்களா?"

"நாகனிசாமிக்குச் சோறு. அவரு இங்க ஒண்ணுமே சாப்புட மாட்டேங்கறாரு, பாவம்."

அப்புசாமி எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு அச்சை வாங்கிக்கொண்டார். நாற்பது வருஷம் தறி ஓட்டிய கை. பல்லைக் கடித்து அழுத்தியதில் மூணு கயிறாக மாவு இறங்கித் தண்ணிக்குள் விழுந்து, ஒரு முழுக்குப் போட்டு மேலே மிதந்தது. ஆறு ஈடு பிழிந்தார்கள். அவர் நெற்றி வேர்வை அடுப்பு மேடையில் விழாமல் கோகிலவாணி ஒரு துணியைப் பிடித்துக்கொண்டாள்.

"நெம்பக் கஷ்டப்படறீங்கம்மணி" என்றார் அப்புசாமி. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"பசியோட எந்திரிக்கறதப் பாத்தா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குதுங்கண்ணா."

அப்புசாமி சில்லைக் கழற்றிக் கழுவத் தொடங்கினார். யாரும் அவரைக் கழுவச் சொல்லவில்லை.

மேலே தூவ வெங்காயத்தாள் வேண்டும். கூடையில் முளைவிட்டிருந்த சின்ன வெங்காயத்திலிருந்து பச்சைத் தளிரைக் கிள்ளிப் பொடிப்பொடியாக நறுக்கினாள். எல்லாம் முடியும்போது மணி பன்னிரண்டு நாற்பது.

ஒரு மணிக்கு நகானிஷி மேஜைக்கு வந்தார். எதிரில் செங்கோட்டையன். கோகிலவாணி ஓர் ஆழமான கிண்ணத்தில் நூடுல்ஸ் போட்டு, குழம்பை ஊற்றி, தளிரைத் தூவிக் கொண்டுவந்து வைத்தாள். நகானிஷி கிண்ணத்தைப் பார்த்தார். எழுந்து நின்றார். அவளைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்தார். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் அவளும் கொஞ்சம் குனிந்தாள். செங்கோட்டையன் உட்கார்ந்தபடியே தலையை ஆட்டிவைத்தார்.

நகானிஷி போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகு சாப்பிட்டார். முள்கரண்டியால் சுருட்டி, உர்ரென்று சத்தம் போட்டு உறிஞ்சினார். அந்த வீட்டில் அவர் இதுவரைக்கும் சத்தமே போட்டதில்லை. கிண்ணம் காலியானது. இன்னொரு கிண்ணம் வைத்தாள். கையை விரிக்கவில்லை. அதுவும் காலியானது.

செங்கோட்டையனும் ஒரு கிண்ணம் தின்றார். "ஒறப்பே இல்ல" என்றார். மாங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு இன்னொரு கிண்ணம் தின்றார். "ஆனா எறங்குது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

நகானிஷி போனில் எதையோ பேசினார். போன் ஒரு பெண் குரலில் தமிழில் சொன்னது: "அம்மா, மிகவும் நன்று. ஜப்பானில் இருப்பது போல் இல்லை. இது மேலும் நன்று. அந்தச் சிவப்புப் பொருள் எனக்குக் கிடைக்குமா?"

ஊறுகாய் ஜாடியைக் காட்டினார். கோகிலவாணி ஜாடியை நகர்த்தினாள். ஒரு துண்டு மாங்காயை எடுத்து, கண்ணில் தண்ணி வராமல் மென்று தின்றார். அவளுக்கு அங்கேதான் முதல் சந்தேகம் வந்தது. உறைப்பு ஆகாத ஆள் என்றல்லவா நினைத்திருந்தாள்?

எடுத்த படத்தைக் காட்டுவதற்காக அவர் போனை நீட்டினார். கிண்ணம் அழகாகத்தான் இருந்தது. நன்றாகப் பார்க்கட்டும் என்று அவர் விரலால் தள்ள, முந்தின படம் வந்தது. அதில் ஒரு வாழை இலை. இலையில் பிய்த்துப்போட்ட பரோட்டா, மேலே மட்டன் சால்னா. அவர் வெட்கப்படவில்லை; பெருமையாக அடுத்ததைத் தள்ளினார். முட்டைக் கலக்கி. அடுத்து மிளகு தூவிய சிக்கன். அடுத்து மறுபடி பரோட்டா. பின்னால் கல்லுக்கு எதிரில் நின்று சிரிக்கிறவரை அவளுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிற ரஷீத். ஏழு சாயங்காலம், ஏழு இலை. நாலு படத்தில் ஓரமாக ஒரு கையும், அரை முகமும், ஒரு துளசி மாலையும் இருந்தன.

கோகிலவாணி பின்வாசலைப் பார்த்தாள். அப்புசாமி அங்கே நின்று முறுக்கு அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது துடைத்துக் காய்ந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"அப்புசாமிண்ணா."

"பேச்சுத் தொணைக்குப் போனதுங்கம்மணி. பாஷை தெரியாத ஊருல தனியா எப்படி அனுப்பறது?"

"கையில பரோட்டா இருக்குது."

"அது... அவரு குடுத்ததுங்க. மறுத்தா மனசு நோகுமில்லைங்களா?"

"நாலு நாளும் நோகுமா?"

அப்புசாமி அச்சை மறுபடி துடைக்கத் தொடங்கினார்.

நகானிஷிக்கு ஏதோ நடக்கிறது என்று மட்டும் புரிந்தது. போனில் மெதுவாகப் பேசினார். பெண் குரல் சொன்னது: "அம்மாவின் உணவு முதல் நாளே எனக்குப் பிடித்தது. ஆனால் புறப்படும் முன் அலுவலகத்தில் எச்சரித்தார்கள். இந்தியாவில் தட்டு காலியானால் மீண்டும் போடுவார்கள். நிறுத்த மாட்டார்கள். ஆகையால் நான் காலி செய்யவில்லை. மாலையில் பசித்தது. மன்னிக்கவும். நான் பயந்தேன்."

கோகிலவாணிக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். ஒன்பது நாளாக அவர் கன்னத்தைப் பார்த்துப் பார்த்து ரசத்தில் மிளகைக் குறைத்திருக்கிறாள். காலையிலிருந்து கால் கடுக்க நின்றிருக்கிறாள். ஆனால் வந்தது சிரிப்பு. உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் போனை வாங்கி, அதன் வாய்க்குப் பக்கத்தில் பேசினாள்.

"காலி பண்ணுனாப் போடத்தான் செய்வோமுங்க. அதுக்குத்தான சமைக்கறது. வேண்டாம்னா வேண்டாம்னு வாயத் தொறந்து சொல்லோணும்."

போன் அதை ஜப்பானிய மொழியில் சொன்னது. நகானிஷி கவனமாகக் கேட்டுக்கொண்டார். கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். மூணாவது தடவை போட்டாள்.

செங்கோட்டையன் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "பாத்தியா? நாஞ் சொன்னனில்ல. அவிய ஊருச் சாப்பாடு போட்டதுக்குக் கன்னம் எப்படித் தெளிஞ்சிருச்சு பாரு" என்றார். கோகிலவாணி "ஆமாங்க" என்றாள். அப்புசாமி தறிக்கூடத்துக்குப் போனார், வழக்கத்தைவிட வெசையாக.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்புசாமியைச் சனிக்கிழமை பூஜைக்குச் சேர்க்க மாட்டார் செங்கோட்டையன். மனசு விட்டுப்போனால் அப்புசாமி தறிப் பக்கமே வர மாட்டார். அந்தச் சனிக்கிழமை சுண்டல் கொடுக்கும்போது அப்புசாமி வரிசையில் கடைசியாக நின்றார். அவருக்கும் ஒரு கை வைத்தாள்.

நகானிஷி அன்றிலிருந்து காலையில் ஐந்து இட்லி தின்றார். "வேண்டாம்" என்ற சொல்லைப் படித்துக்கொண்டு, ஆறாவதுக்கு மட்டும் சரியாகச் சொன்னார். சாயங்காலம் ரஷீத் கடைக்கும் போனார், இப்போது தனியாக. பதினாறாம் நாள் நாலு தறியும் ஒன்றாக ஓடின. முதல் துணியைத் தடவிப் பார்த்துச் செங்கோட்டையன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசு என்று சொன்னார். மறுநாள் கார் வந்தது. நகானிஷி எல்லோரையும் பார்த்துக் குனிந்துவிட்டு ஏறிப் போனார்.

அடுத்த வாரம் உதிரி பாகம் வாங்கச் செங்கோட்டையன் சேலம் போயிருந்தார். வீட்டில் யாரும் இல்லை. கோகிலவாணி பத்து மணிக்கு வெண்ணெயைச் சட்டியில் போட்டாள். இந்தத் தடவை மாவைச் சப்பாத்தியாகத் தேய்த்துக் கத்தியால் நறுக்கிக்கொண்டாள். அச்சும் வேண்டாம், அப்புசாமியும் வேண்டாம். குழம்பில் இரண்டு பச்சை மிளகாயைக் கீறிப் போட்டாள். மேஜைக்குக் கொண்டுபோய் வைத்து, காத்தாடியைப் போட்டு, சூடாக உட்கார்ந்து தின்றாள். தனக்கென்று மட்டும் அவள் எதையும் இதுவரை சமைத்ததில்லை. அது சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

சாயங்காலம் செங்கோட்டையன் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "மத்தியானம் என்ன பண்ணுன?" என்று கேட்டார்.

"ஒரு ஆளுக்கு என்னத்தப் பண்றது? தயிர்ச்சோறுதானுங்க" என்றாள்.