599: கீரி, எலி

வெள்ளைக்காரச் சாமியார் இறந்து ஒரு மாதம் கழித்து அவருடைய புத்தகங்கள் கிளை நூலகத்துக்கு வந்து இறங்கின. மூன்று தேக்குப் பெட்டிகள், நூற்று நாற்பது புத்தகங்கள். கோயிலில் அந்தப் பெட்டிகள் இருந்த மூலை திருவிழாச் சாமான்களுக்கு வேண்டியிருந்தது.

நூலகர் ஞானதீபம் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். அதுதான் அவள் செய்த முதல் தவறு.

மேலே இருந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். எழுத்தே தெரியவில்லை. அடுத்ததை எடுத்தாள். எழுத்து தெரிந்தது, சொல் தெரியவில்லை.

"முதல்ல பார்த்தது கிரேக்கம். இது இலத்தீன்" என்றார் பெட்டிகளோடு வண்டியில் வந்திருந்த உபதேசியார் சவரியப்பன்.

"எப்படிச் சொல்றீக?"

"நாப்பது வருசமா பூசையில சாமியாருக்குப் பதில் சொல்றவன் நான். இலத்தீன் எனக்குத் தண்ணி பட்ட பாடு."

ஞானதீபம் சி.எஸ்.ஐ. சபை. அங்கே எல்லாம் தமிழ்தான். கடவுளுக்குத் தமிழ் தெரியும் என்பது அவர்கள் கட்சி. ஆனால் அன்று அதை அவள் சொல்லவில்லை. இலத்தீன் தெரிந்தவரைப் பகைத்துக்கொள்ளும் நிலையில் அவள் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று அது. அவள் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் முடியப்போகிறது. ஒன்பது நாளில் ஜில்லா நூலக அதிகாரி தனுஷ்கோடி சோதனைக்கு வருகிறார். அவர் எழுதிக்கொடுத்தால் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். விதி ஒன்றுதான்: நூலகத்துக்குள் வந்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் இருக்க வேண்டும், அந்த எண்ணுக்குரிய தட்டில் அது நிற்க வேண்டும். அவளுக்கு முன்னால் இருந்தவர் எண் இல்லாத ஒரு பஞ்சாங்கத்தால் வேலையை இழந்தார்.

ஞாயிறு பூசைக்கு மட்டும் சிவகாசியிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஓர் இளம் சாமியார் வந்துபோய்க்கொண்டிருந்தார். பூசை முடியும்வரை வாசலில் காத்து நின்று, ஒரு புத்தகத்தை நீட்டி, இது எதைப் பற்றியது என்று ஞானதீபம் கேட்டாள். சாமியார் இரண்டு வரி படித்தார். மூன்றாவது வரியில் அவர் காது சிவந்தது. புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஊரில் பூசை இருக்கிறது என்று வண்டியை மிதித்தார்.

ஆகவே மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ஞானதீபம், உபதேசியார், நூலக உதவியாளர் ஊர்க்காவலன். ஊர்க்காவலன் காலையில் நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டுவார், பிற்பகலில் நூலகத்துக்கு வருவார். அவர் ஒரு புத்தகத்தின் தாளை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"அருமையான காகிதம்மா. சரவெடிக்கு நின்னு வெடிக்கும்."

"அண்ணே, கீழ வைங்க" என்றாள் ஞானதீபம்.

அவளிடம் இருந்த எண் கையேடு இதற்கு ஒரே ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தது. இலத்தீன் இலக்கியம் 870. கிரேக்க இலக்கியம் 880. அதற்குள் கவிதை ஒன்று, நாடகம் இரண்டு, காவியம் மூன்று, உணர்ச்சிப் பாட்டு நான்கு, சொற்பொழிவு ஐந்து, கடிதம் ஆறு, கேலி ஏழு, எதிலும் சேராதது எட்டு.

மொழியைப் பிரிப்பது ஒரு மணி நேர வேலையாக இருந்தது. ஊர்க்காவலனே பிரித்துவிட்டார். ஏற்றுமதி லேபிளில் இருக்கும் எழுத்து மாதிரி இருந்தால் இலத்தீன். சங்குசக்கரம் சுற்றிவிட்டுப் போன தடம் மாதிரி இருந்தால் கிரேக்கம்.

வகை பிரிப்பதுதான் பாடாக இருந்தது. வரி முடியாமல் பாதியில் நின்றால் கவிதை என்று வைத்தார்கள். அதுவே நூறு பக்கத்துக்கு மேல் போனால் காவியம். வரிக்கு வரி முன்னால் பெயர் இருந்தால் நாடகம்.

"கேலியை எப்படிம்மா கண்டுபிடிக்க?" என்றார் ஊர்க்காவலன்.

"உபதேசியாரய்யா வாசிக்கட்டும். சிரிப்பு வருதான்னு பார்ப்போம்."

உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். அவருக்குத் தெரிந்த ராகம் ஒன்றுதான், பூசை ராகம். அதில் எதை வாசித்தாலும் செபமாகத்தான் கேட்டது. தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வந்துகொண்டிருந்த பெண்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று முக்காடு போட்டுச் சிலுவை வரைந்தார்கள். ஒருத்தி முழங்காலிட்டாள்.

ஞானதீபம் எட்டிப் பார்த்தாள். அது இளம் சாமியாரின் காது சிவந்த புத்தகம்.

"போதும்யா. 877" என்றாள்.

"செபம் மாதிரி இருக்கேம்மா."

"செபத்துக்கு சாமியார் காது சிவக்காது."

இப்படி ஏழு நாள் ஓடியது. எட்டாம் நாள் ஞானதீபம் தபாலாபீஸ் போக வேண்டியிருந்தது. நீங்கள் பாருங்கள், நான் வந்துவிடுகிறேன், ஒவ்வொரு புத்தகத்திலும் எதைப் பற்றியது என்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசிப் பெட்டியின் அடியில் தோல் அட்டையும் தங்க விளிம்பும் சிவப்பு நாடாவுமாக ஒரு புத்தகம் இருந்தது. திறந்ததும் உபதேசியாரின் முகம் மலர்ந்தது. இத்தனை நாளில் அவருக்கு உண்மையாகவே தெரிந்த வரி ஒன்று முதல் தடவையாகக் கண்ணில் பட்டிருக்கிறது.

"இது எனக்கு மனப்பாடம்லே" என்றார்.

"எதைப் பத்தினதுய்யா?" என்றார் ஊர்க்காவலன், பென்சிலோடு.

உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். "கீரியே எலெயிசோன். கீரியே எலெயிசோன். கீரியே எலெயிசோன்."

ஊர்க்காவலன் எழுதினார்: 'கீரி, எலி. மூன்று முறை வருகிறது. சண்டை உண்டா தெரியவில்லை.'

அன்று மாலை சீட்டைப் பார்த்த ஞானதீபத்துக்கு மனம் குளிர்ந்தது. நூற்று நாற்பதில் பொருள் தெளிவாகத் தெரிந்த புத்தகம் அது ஒன்றுதான். கீரியும் பாலூட்டி, எலியும் பாலூட்டி. பாலூட்டிகள் 599. புத்தகத்தைத் திறக்காமலே முதுகில் எண்ணை ஒட்டி, கோழி வளர்ப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பதிவேட்டில் கணக்கை முடித்தாள். இலத்தீன் தொண்ணூற்றிரண்டு, கிரேக்கம் நாற்பத்தேழு, விலங்கியல் ஒன்று.

தனுஷ்கோடி வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார். கோட்டுப் போட்டிருந்தார். உபதேசியாரும் சட்டைக்கு மேல் துண்டு போட்டு, கேட்டால் சொல்வதற்குத் தயாராக ஓரமாக நின்றார்.

அதிகாரி கிரேக்கத் தட்டில் ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தார். நெடுநேரம் பார்த்தார். தலையை ஆட்டினார். பக்க எண் கீழே தலைகீழாக நிற்பதை ஞானதீபம் பார்த்தாள். சொன்னால் வேலை போகும். அவள் சொல்லாமல் விட்டு, ஊர்க்காவலன் சொல்லிவிட்டாலும் வேலை போகும். ஊர்க்காவலன் வாயைத் திறந்துகொண்டிருந்தார்.

"சார், அதுல ஒரு முத்திரை விட்டுப்போச்சு" என்று வாங்கினாள். முத்திரை வைத்தாள். நேராக்கிக் கொடுத்தாள்.

"ம். இப்பத்தான் தெளிவா இருக்கு" என்றார் தனுஷ்கோடி.

எல்லாம் நல்லபடியாகப் போனது. கடைசித் தட்டு வரைக்கும் வந்துவிட்டார். அங்கே கோழி, ஆடு, தேனீ பற்றிய மெல்லிய நூல்களுக்கு நடுவில் தங்க விளிம்போடு ஒன்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. எடுத்தார்.

"இது என்ன?"

"கீரி, எலி பற்றினது சார்."

அவர் புரட்டினார். "இதுல கீரி எங்க இருக்கு?"

உபதேசியார் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இது பூசைப் புத்தகம்லா. இதைப் போய் கோழி பக்கத்துல வச்சிருக்கீக."

எல்லோரும் ஊர்க்காவலனைப் பார்த்தார்கள்.

"நீங்கதானய்யா சொன்னீக" என்றார் ஊர்க்காவலன். "கீரியே, எலியேன்னு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை."

"ஆண்டவரே இரக்கமாயிரும்னு அர்த்தம்லே அதுக்கு."

"அப்ப அதைச் சொல்லியிருக்கலாம்லா. எனக்கு எழுதவும் லேசா இருந்திருக்கும்."

"ஏலே, படிச்சவன் எழுதுற சீட்டா அது? இலத்தீனைப் போய்..."

"இலத்தீன் இல்லை" என்றார் தனுஷ்கோடி.

உபதேசியார் திரும்பினார்.

"அந்த ரெண்டு சொல்லும் கிரேக்கம். பூசை முழுக்க இலத்தீன், அது மட்டும் கிரேக்கம். காலேஜ்ல எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சாமியார் சொல்லியிருக்கார்."

உபதேசியார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நாப்பது வருசம் சொல்லியிருக்கேன் சார். எங்க அப்பாவும் சொல்லியிருக்காக. எங்க வீட்டுல யாரும் கிரேக்கம் பேசினது கிடையாது."

"பேசியிருக்கீங்க."

"புத்தகம் இலத்தீன். அப்ப 870தான்" என்றார் உபதேசியார்.

"நீங்க சும்மா இருங்க." அதிகாரி ஞானதீபத்தின் பக்கம் திரும்பினார். குரல் மாறிவிட்டது. "நீங்க சொல்லுங்க. 870-ஆ, 880-ஆ?"

இதுதான் சோதனை என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு எண்ணில் எதைச் சொன்னாலும் ஒருவர் தலையாட்டுவார், அவர் அதிகாரியாக இருந்துவிட்டால் பிழைத்தாள். அவள் புத்தகத்தை வாங்கி, முதல் தடவையாகத் திறந்தாள். சிவப்பில் சில வரிகள், கறுப்பில் சில வரிகள், ஒரு சிலுவைப் படம்.

"ரெண்டும் இல்லை சார்."

"பின்னே?"

"264. வழிபாடு. எந்த மொழியில கும்பிட்டாலும் அது கும்பிடுறதுதான். இலக்கியத்துல வராது."

தனுஷ்கோடி கையேட்டைக் கேட்டு வாங்கினார். விரலை நாக்கில் தொட்டுப் புரட்டினார். 264-ல் விரல் நின்றது.

"இவ்வளவு தெரிஞ்சவங்க ஏன் 599 போட்டீங்க?"

ஊர்க்காவலன் ஓர் அடி பின்னால் போனார்.

"புத்தகத்தைப் பார்க்கலை சார். சீட்டைப் பார்த்தேன். என் தப்பு."

"உங்களுக்கு முன்னால இருந்தவர் ஒரு பஞ்சாங்கத்துக்கு மூணு பக்கம் காரணம் எழுதினார்" என்றார் தனுஷ்கோடி. பேனாவைத் திறந்தார். நின்றபடியே எழுதினார். 'தவறு ஒன்று. கண்ட இடத்திலேயே திருத்தப்பட்டது. இந்நூலகர் கிரேக்க, இலத்தீன் நூல்களை வகைப்படுத்துவதில் தேர்ச்சி உள்ளவர். பணியை நிரந்தரம் செய்யலாம்.'

உத்தரவு இருபது நாளில் வந்தது. ஞானதீபம் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, நேராக வீட்டுக்குப் போய் அம்மாவிடம் காட்டிவிட்டுத் திரும்பினாள். அதற்குப் பிறகுதான் இரண்டாவது பக்கம் இருப்பதைப் பார்த்தாள். ஜில்லாவில் காலமான சாமியார்கள் பற்பல கிளைகளுக்கு விட்டுச்சென்ற கிரேக்க, இலத்தீன் நூல்கள் அனைத்தும், தேர்ச்சி பெற்ற நூலகர் ஒருவர் கிடைத்திருப்பதால், அவர் பொறுப்புக்கு அனுப்பப்படுகின்றன.

லாரி மறுநாள் வந்தது. பதினோரு பெட்டிகள்.

"எங்கன இறக்க?" என்றார் லாரிக்காரர்.

"இங்கன இடமில்லையே" என்றார் ஊர்க்காவலன், தாள் எப்படி இருக்கிறது என்று ஒரு பெட்டிக்குள் கையை விட்டபடி.

ஞானதீபம் உபதேசியாருக்கு ஆள் அனுப்பினாள். சோதனை நாளிலிருந்து அவர் நூலகப் பக்கமே வரவில்லை. வந்தவர் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டார்.

"இலத்தீன்னா சொல்லுங்கம்மா, வாறேன். கிரேக்கத்துக்கும் எனக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ரெண்டையும் பிரிச்சு வச்சிட்டுக் கூப்பிடுங்க."

"பிரிக்கத்தானய்யா கூப்பிட்டேன்."

அவர் லாரியைப் பார்த்தார், பெட்டிகளை எண்ணினார், செருப்பைக் கழற்றினார்.