மாமியின் முன்பல்

நான் வைத்த பல்லடைப்பு, நானே காத்தான்குடியில் வாங்கிக் கொண்டுபோன தொதல் இனிப்போடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. அதுவும் பெண் கேட்டுப் போன வீட்டில்!

பெண் ஞானமலர். பல், அவளுடைய தாய் செபஸ்தியம்மாவின் முன்பல்.

“மன்னிச்சுக்கங்க மாமி.”

“மாமியோ? அதுக்கு இன்னும் காலம் கிடக்கு மனே. ஒரு அடைப்ப நிப்பாட்டத் தெரியாதவருக்குப் புள்ளைய எப்பிடிக் குடுக்கிற? பல்லு நிக்கட்டும், மறுகா பாப்பம்.”

ஞானமலர் சிரித்தாள். தாயின் ஓட்டைப் பல்லைப் பார்த்தா, என்னைப் பார்த்தா என்று விளங்கவில்லை.

திரும்ப ஒட்டினேன். கோயிலில் அல்லேலூயா பாடும்போது விழுந்தது.

“பெரியகல்லாத்துல இருந்து ஆமிட சென்றிக்குச் சென்றி பஸ்ஸால இறங்கி ஏறி வாறன்,” என்றார் செபஸ்தியம்மா, என் கிளினிக்குக்குள் நுழைந்ததும். “எங்க போறாய் எண்டு ஆமிக்காரன் கேட்டான். வாயத் தொறந்து காட்டினன். பாவம் எண்டு விட்டுட்டான். உங்களுக்குத்தான் பாவம் புண்ணியம் இல்ல.”

எச்சிலைக் குற்றம் சொன்னேன், தொதலைக் குற்றம் சொன்னேன். பேராதனையில் பல் வைத்தியம் படித்தவன் தன்னைத் தவிர எதையும் குற்றம் சொல்லலாம். கடைசியில் ஒரு கண்ணாடித் துண்டில் பசையைத் தடவி, மேலே அடைப்பை வைத்து, அதை இறுக்கும் நீல விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். மேலே அடைப்பு கல்லாகியிருந்தது. அடியில் பசை இன்னும் பசையாகவே இருந்தது.

சண்டையில் கரண்ட் போன ஊர். பக்கத்துக் கூல்பார் மஜீட் நானாவின் ஜெனரேற்றரில்தான் என் விளக்கும் எரிந்தது. அவருடைய ஐஸ் பெட்டி உறுமும்போதெல்லாம் விளக்கு சோர்ந்துவிடும். நிறம் நீலம்தான், வலு இல்லை. என்னைப் போல.

“பெட்டிய ஒள்ளுப்ப நேரம் நிப்பாட்டுங்க நானா. என்ட கலியாணம் அதுலதான் கிடக்கு.”

“ஐஸ்கிரீம் கரைஞ்சா நீங்கதான் குடிக்கணும் டொக்டர்,” என்று சொல்லிப் பெட்டியை நிறுத்தினார்.

செபஸ்தியம்மாவின் உதட்டுக்குள் பஞ்சு வைத்தேன். பசையை மெல்லிசாகத் தடவி, முதலில் அதை மட்டும் இறுக்கினேன். பிறகு அடைப்பு, படை படையாக.

“வாய மூடப்படாது மாமி, பேசவும் படாது. ஈரம் பட்டா எல்லாம் போச்சு.”

அவர் கண்ணால் திட்டினார். அந்த அமைதியில்தான் எனக்கு உறைத்தது: இதுவரை நான் கேட்டதெல்லாம் தாயிடம். துணைக்கு வந்த ஞானமலர் சுவரோரக் கதிரையில் இருந்தாள். விளக்கை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பினேன்.

“உங்களிட்ட நான் கேக்கவே இல்லயே. என்னக் கட்டச் சம்மதமா?”

அவள் தாயின் திறந்த வாயை ஒருமுறை பார்த்தாள்.

“அம்மா வாய மூடுறதுக்குள்ள சொல்லிடுறன்,” என்றாள். “ஓம். சம்மதம்.”