கச்சான் சரையும் ஆஸ்பத்திரித் துண்டும்

1981ஆம் ஆண்டு மாசி மாதம் நாகேஸ்வரியின் வயிற்றில் ஐந்தாவது பிள்ளை தங்கியிருந்தது. நாலாவதைப் பெற்றபோதே அவளுடைய இருதயம் நின்றுவிடப் பார்த்தது. இந்த முறை பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு டொக்டர்மார் கூடிப் பார்த்து, பிள்ளையை விட்டுவைத்தால் தாய் இருக்கமாட்டாள் என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கருவைக் கலைத்தார்கள். இரண்டு நாள் அவள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். மூன்றாம் நாள் விசுவமடுவுக்குத் திரும்பும்போது, பஸ்ஸிலேயே புருசனும் பெண்சாதியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஊருக்குச் சொல்ல, அப்பெண்டிக்ஸ்.

புருசன் வீரகத்திக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் தேவைக்கு மேலே சொன்னான். வெட்டி எடுத்ததைப் போத்தலில் கண்ணால் கண்டதாகவும், அது பச்சைமிளகாய் அளவு இருந்ததாகவும் தோட்டத்து வேலிக்கு வேலி சொல்லித் திரிந்தான். எந்தப் பக்கம் என்று கேட்டவர்களுக்கு ஒருநாள் வலதைக் காட்டினான், மறுநாள் இடதை.

அதெல்லாம் அடங்கி ஆவணியும் வந்துவிட்டது. ஒரு சந்தை நாளில் நாகேஸ்வரி ராக்காயியிடம் ஒரு சரை கச்சான் கடலை வாங்கினாள். எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு ஓடிவந்தவள் ராக்காயி. சந்தை வாசலில் மணல் சட்டியில் கச்சான் வறுத்து, பேப்பரைக் கூம்பாகச் சுருட்டிக் கொடுப்பாள்.

கச்சான் முடிந்ததும் நாகேஸ்வரி சும்மா பேப்பரை விரித்தாள். ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு எழுதிய துண்டு, இங்கிலிஸில். எஸ்.எஸ்.ஸி. வரை படித்தவள், இங்கிலிஸ் வாசிக்கத் தெரியும். பெயர்: பரமலிங்கம். வருத்தம்: மூலவியாதி. சங்கக்கடை மனேஜர் பரமலிங்கம் ஏன் எப்போதும் நின்றபடியே பேப்பர் படிக்கிறார் என்பது அன்றுதான் அவளுக்கு விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மேலே இருந்த முத்திரையைப் பார்த்தாள். அதே ஆஸ்பத்திரி. அதே மாசி மாதம். பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள்.

“ராக்காயி, இந்தப் பேப்பர் எங்க எடுத்தனீ?”

“ஆஸ்பத்திரில கூட்டுற ஆளு ஒரு சாக்கு நெறையக் குடுத்தாரும்மா. நல்ல தடிச்ச பேப்பரு. சூடு கையில ஏறாது.”

“எனக்கு இன்னும் பத்துச் சரை தா.”

பிள்ளைகள் முதல் நாள் துள்ளினார்கள். மூன்றாம் நாள் கச்சான் சம்பலைக் கண்டு அழுதார்கள். நாகேஸ்வரி குசினிக் கதவைச் சாத்திவிட்டுச் சரைகளைப் பிரித்தாள். ஒருவர் கட்டுப்பல்லை விழுங்கியிருந்தார். இன்னொருவர் கள்ளுத் தவறணையில் விழுந்து முறித்த காலை, மாடு இடித்த கால் என்று எழுதுவித்திருந்தார். அவள் தன்னை மறந்து சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுத்தாள். அது பக்கத்துக் காணிக்காரரின் மகளுடையது. வீட்டில் நெருப்புக் காய்ச்சல் என்று சொன்னார்கள். பேப்பரில் பூச்சிமருந்து என்றிருந்தது.

அதைச் சுருட்டி அடுப்பில் வைத்தாள். அன்று பின்னேரம் அந்தப் பிள்ளை வாளியோடு கிணற்றடிக்கு வந்தபோது, நாகேஸ்வரியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த சந்தை நாளில் ராக்காயியின் சட்டியடியில் ஒரே சனம். பரமலிங்கம், போஸ்ற்மாஸ்டர் கனகலிங்கம், பத்மாசனி ரீச்சர். அந்த வட்டாரத்தில் இங்கிலிஸ் வாசிக்கத் தெரிந்த முழுப்பேரும் ஒரே கிழமையில் கச்சான் பைத்தியமாகியிருந்தார்கள். ஆளாளுக்கு மற்றவரின் பேப்பர் அகப்பட்டிருக்க வேண்டும். பரமலிங்கம் கச்சானைக் கோழிக்குக் கொட்டிவிட்டுச் சரையை விரித்தார். போஸ்ற்மாஸ்டர் கூச்சத்தையே விட்டுவிட்டார்.

“கச்சான் வேண்டாம். சரையை மட்டும் தா.”

“பேப்பரத் திங்கப் போறீங்களாய்யா?” என்றாள் ராக்காயி. வறுவல் பதம் தவறிவிட்டதோ என்று அவளுக்கு உண்மையாகவே கவலை.

“அந்தச் சாக்கை என்னட்டைத் தா. நான் பொறுப்பாப் பிரிச்சு அவரவரிட்டைக் குடுக்கிறன்,” என்றார் பரமலிங்கம்.

“பிரிக்கிறதெண்டால் வாசிக்க வேணுமே,” என்றா ரீச்சர். “நான் வாசிக்கிறன். எனக்கு வாய் இறுக்கம்.”

“உங்களுக்கோ?” என்று போஸ்ற்மாஸ்டர் சாக்கின் ஒரு காதைப் பிடித்தார். மற்றக் காதை ரீச்சர் பிடித்தா. நடுவாலே ஒரு கை உள்ளே போனது. அது தன்னுடைய கைதான் என்பதை நாகேஸ்வரி கொஞ்சம் பிந்தித்தான் கண்டாள்.

கையை இழுத்துக்கொண்டு ராக்காயியின் காதருகே குனிந்தாள்.

“இது முழுக்க வருத்தக்காரரின்ர துண்டு. ஆருக்கு என்ன நடந்தது எண்டு எழுதியிருக்கு. என்ரையும் இதுக்குள்ள கிடக்கலாம்.”

“அய்யய்யோ! ஊரு சனத்தோட வயித்தையெல்லாமா நான் சுருட்டிச் சுருட்டி வித்தேன்?”

ராக்காயி எழுந்து வந்து மூன்று பேரையும் விலக்கிவிட்டுச் சாக்கின்மேல் உட்கார்ந்தாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால நான் ஒருத்திதான் இதத் தொடலாம். எல்லாம் இந்தச் சட்டிக்கு அடியில போகட்டும்.”

“அது அரசாங்கச் சொத்து!” என்று பரமலிங்கம் பாய்ந்தார்.

நாகேஸ்வரி அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, மடித்து வைத்திருந்த அவருடைய துண்டைக் கையில் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தவருடைய காது சிவந்துவிட்டது.

“வாசிச்சனீங்களோ?”

“வாசிச்சன். மன்னியுங்கோ. ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

அவர் போய் அதை முதல் ஆளாக நெருப்பில் வைத்தார். மிச்சத்தை ராக்காயி தள்ளினாள். அரசாங்கச் சொத்து நன்றாகவே எரிந்தது.

சனம் கலைந்தபின் நாகேஸ்வரி அங்கேயே குந்தியிருந்தாள். தன்னுடைய துண்டு எரிந்ததா, சாக்கிலேயே இருக்கவில்லையா, அதற்கு முன்பே யாருடைய கைக்குப் போய்விட்டதா, அவளுக்குத் தெரியாது.

“ஒங்களுக்கு என்னம்மா வந்துச்சு?” என்று ராக்காயி சும்மா கேட்டாள்.

அப்பெண்டிக்ஸ் என்று சொல்லத்தான் வாய் திறந்தாள்.

“பிள்ளையைக் கலைச்சவை, அக்கா. என்ர இருதயம் தாங்காதெண்டு.” புருசனுக்கு அப்பால் ஒருவருக்கு அவள் அதைச் சொன்னது அதுதான் முதல்தடவை. “நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.”

ராக்காயி மணலைக் கிளறினாள். “எனக்கும் மலையில ஒருவாட்டி ஆச்சு, தாயி. எழுதிவைக்கக்கூட ஒரு ஆளில்ல. அப்புறமும் தோட்டம் பூராத் தெரிஞ்சிருச்சு.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. நாகேஸ்வரிக்குக் கண்ணீரும் வந்தது. புகை என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய், துண்டெழுதும் கிளாக்கரின் மேசைக்கு முன்னால் நின்று, துண்டுகள் சாக்கோடு சந்தைக்கு வந்ததைச் சொன்னாள்.

“பழைய பேப்பர்தானே அக்கா,” என்றார் அவர்.

“அப்பிடியெண்டால் உங்கட துண்டை எடுங்கோ தம்பி. இந்த வரிசைக்கு ஒருக்கால் சத்தமா வாசிச்சுக் காட்டுறன்.”

வரிசையில் நின்ற நாற்பது பேரும் கழுத்தை நீட்டினார்கள். கிளாக்கர் வியர்த்துப்போய் எழுந்து, பேப்பர்கள் கிடந்த அறையின் கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டு ஒன்றும் இல்லாததால், டொக்டர் வரும்வரைக்கும் கதவில் முதுகைக் கொடுத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.