மாமாவுக்கும் கொஞ்சம் கொடி

முடிதிருத்தும் கடைக்காரருக்கு நுரையீரலில் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்தை ஏற்றிக்கொள்வார். பக்கத்து நாற்காலிக்காரரின் கிருதா ஏற்ற இறக்கமாக இருந்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

அவருடைய மருமகளுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அதே மருந்தோடு ஒரு கொடியிலிருந்து பிரித்த சத்தையும் கொடுத்தால் எலிகளுக்குக் கட்டி வேகமாகச் சுருங்குகிறது என்று சாப்பிடும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மாமியார் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"என்ன கொடி?"

"நம்ம பின்பக்கச் சுவர்ல படர்ந்திருக்கே, அதுதான் அத்தை. ஆனா மனுஷங்களுக்கு இன்னும் கொடுத்துப் பாக்கல."

"எலிக்குக் கொடுப்பீங்க, உங்க மாமாவுக்கு மட்டும் கொடுக்க மாட்டீங்க. அவரும் எலியாப் பொறந்திருந்தா கவனிப்பாவது கிடைச்சிருக்கும்."

ஒரே வாரத்தில் பின்சுவர் மொட்டையடித்த தலைபோல் ஆனது. மருமகள் வேலைக்குக் கிளம்பியதும் மாமியார் கஷாயம் காய்ச்சுவார். ஊரார் தலையையெல்லாம் தன் இஷ்டத்துக்குத் திருப்பிப் பழகிய கடைக்காரர், வீட்டில் மட்டும் மனைவி திருப்பிய பக்கம் திரும்புகிறவர். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

அடுத்த முறை மருந்து ஏற்றப் போனபோது ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரின் புருவம் சுருங்கியது.

"கல்லீரல் கெட்டிருக்கு. வேற ஏதாவது சாப்பிடறீங்களா?"

"ஒண்ணுமே இல்லையே," என்றார் மாமியார்.

"காலையில ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர்," என்றார் கடைக்காரர் அதே நொடியில்.

டாக்டர் மருந்தை நிறுத்திவைத்தார். வீடு திரும்பியதும் கடைக்காரர் மருமகளிடமும் அதையே ஒப்பித்தார். அவள் திட்டியிருந்தால் மாமியார் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். அவளோ மறுநாள் அத்தையைத் தன் ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். கூண்டுகளில் எலிகள் துறுதுறுவென்று ஓடின.

"இதுங்களுக்கெல்லாம் கட்டி சுருங்கியிருக்கு அத்தை."

"அந்தக் கூண்டு ஏன் காலி?"

"அதுல கொடிச் சத்து கூடிப்போச்சு. மருந்து நம்ம உடம்போட காவல்காரங்களை உசுப்பிவிடுது. கொடியும் சேர்ந்து மேலும் உசுப்பினா, சில நேரம் திருடனை விட்டுட்டு வீட்டுக்காரனையே அடிச்சுடறாங்க. எவ்வளவு கொடுக்கலாம்னுதான் தேடிக்கிட்டிருக்கோம்."

மாமியார் காலிக் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாவம். இதோட பொண்டாட்டியும் நல்லதுன்னு நெனச்சுத்தான் கொடுத்திருப்பா."

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. அத்தையின் கண்ணைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமாவுக்குச் சரியாயிடும் அத்தை. கெடுத்தது கஷாயமா, மருந்தா, ரெண்டும் சேர்ந்தான்னு டாக்டருக்கே தெரியல."

கஷாயம் நின்றது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் கல்லீரல் மெல்லத் தேறியது. இதற்கிடையில் மாமியாரின் பெரிய நாத்தனார் ஏதோ வேர்ப்பொடியோடு நலம் விசாரிக்க வந்தார். மாமியார் வாசலிலேயே மறித்து, "அளவு தெரியுமா? யாருக்குக் கொடுத்துப் பாத்தீங்க?" என்று குடைந்ததில், வந்தவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் பொடியோடு திரும்பிப் போனார்.

மருந்து மறுபடி தொடங்கிச் சில மாதங்களில் எடுத்த ஸ்கேனில் கட்டி கொஞ்சம் சுருங்கியிருந்தது. டாக்டர் முகத்திலும் சிரிப்பு.

"அந்தக் கொடிச் சத்தை மனுஷங்களுக்குக் கொடுத்துப் பாக்கும்போது என்னையும் சேத்துக்கங்க டாக்டர்," என்றார் கடைக்காரர் உற்சாகமாக.

மாமியார் கூட வந்திருந்த மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

"முதல்ல அளவு தெரியட்டும் அத்தை."

"கேட்டுக்கிட்டீங்கல்ல? பேசாம கையை நீட்டுங்க," என்றார் மாமியார். ஊசியோடு நின்ற நர்ஸிடம் கடைக்காரர் கையை நீட்டினார்.